'சதி' என்னும் சொல்: பொருளும் வழக்கும்

மறைவில் கூடிப் பிறர்க்குக் கேடு செய்யத் திட்டமிடுதலைக் குறிக்க இன்றைய தமிழில் பெருவழக்காக உள்ள சொல் 'சதி' ஆகும். ஆங்கிலத்தின் 'கான்ஸ்பிரசி', இந்தியின் 'ஷட்யந்த்ர' ஆகிய சொற்களுக்கு நேர் நிகரனாக மொழிபெயர்ப்பாளர் கையாளுவதும் இச்சொல்லையே. அகராதிகளும் 'வஞ்சனை', 'சூழ்ச்சி' போன்ற ஒருபொருட் சொற்களைக் கொண்டு இதனை விளக்கி அமைகின்றன. இந்நிகர்ப்பாடு முழுமையானதன்று என்பதும், முழுமையானதென்று கொள்வதால் நீதிமன்ற மொழிபெயர்ப்பில் பொருட்பிறழ்ச்சி நேர இடமுண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்து. உடன்பாட்டை உயிர்நாடியாகக் கொண்ட ஒரு சட்டக் கருத்துக்கு, நம்பிக்கைக் கேட்டை உயிர்நாடியாகக் கொண்ட ஒரு சொல்லைத் தமிழ் தேர்ந்துகொண்டுள்ளது. இத்தேர்வின் விளைவுகளே இங்கு ஆராயப்படுகின்றன.

முதற்கண் வரிவடிவு பற்றி ஒன்று கூற வேண்டும். தமிழில் 'சதி' என்று எழுதப்படும் சொற்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. கணவனின் சிதையில் மனைவி உயிர்விடும் வழக்கத்தைக் குறிக்கும் வடசொல்லும் (வடமொழியில் இதன் ஈறு நெடில்), ஆடற்கலையின் 'ஜதி'யைக் கிரந்த எழுத்து நீக்கி எழுதும் வடிவும் இவ்வரிவடிவையே பெறுகின்றன. வங்காள மாகாணத்தில் 1829இல் பென்டிங்க் காலத்தில் பிறப்பிக்கப்பட்ட ஒழுங்குவிதியையும், 1987ஆம் ஆண்டின் நடுவண் சட்டத்தையும் 'சதித் தடுப்புச் சட்டம்' என்று தமிழில் எழுதினால், செய்தி அறியாத வாசகர் அதனை அரசுக்கு எதிரான சதியைத் தடுக்கும் சட்டம் என்றே கொள்வர். 'உடன்கட்டை ஏறுதல்' என்னும் தெளிவான தொடர் இருக்க, இம்மயக்கத்தை வலிந்து வரவழைத்துக்கொள்வானேன்? இக்கட்டுரை கருதும் 'சதி' இவ்விரண்டும் அன்று.

தொடரமைப்புக் காட்டும் இருபொருள்

பின்வரும் தொடர்களை நோக்குக. இவை அன்றாட வழக்கிலும் நாளிதழ் நடையிலும் இயல்பாகப் பயில்பவை.

(1) கூட இருந்தே அவன் எனக்குச் சதி செய்துவிட்டான்.
(2) கடைசி நேரத்தில் மழை சதி செய்துவிட்டது.
(3) அமைச்சரைக் கொல்ல நால்வர் சதி செய்தனர்.
(4) அரசுக்கு எதிராகச் சதி நடக்கிறது.

முதல் தொடரின் எழுவாய் ஒருமை. அவன் எவரோடும் கூடிப் பேசியதாகக் குறிப்பு ஏதும் இல்லை. நம்பியிருந்தவர்க்குத் தீங்கு இழைத்தான் என்பதே செய்தி. இரண்டாவது தொடர் விளையாட்டுப் பக்கங்களில் அடிக்கடி காணப்படுவது. இங்கு எழுவாய் அஃறிணை, உயிரற்றது, திட்டமிடும் ஆற்றலும் இல்லாதது. ஆயினும் தொடர் சிறிதும் உறுத்தவில்லை. எதிர்பார்ப்பு பொய்த்துப்போனது என்பதையே அது உணர்த்துகிறது. 'விதி செய்த சதி', 'காலம் செய்த சதி' ஆகியவையும் இவ்வகையினவே. இவற்றை உருவகம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஏனெனில், உருவகமாகவேனும் இவ்விடத்தில் 'சூழ்ச்சி' வருவதில்லை:

(5) *கடைசி நேரத்தில் மழை சூழ்ச்சி செய்துவிட்டது.

கவிதையில் ஒருவர் இவ்வாறு எழுதக்கூடும், செய்தியாளர் எழுதமாட்டார். சூழ்ச்சிக்கு அறிவுடைய வினைமுதல் வேண்டும், சதிக்கு வேண்டியதில்லை.

மூன்றாம், நான்காம் தொடர்கள் வேறு வகையின. மூன்றில் 'கொல்ல' என்னும் செயவென் எச்சம் நோக்கத்தைச் சுட்டுகிறது. அந்நோக்கம் நிறைவேறியதா என்பது தொடரால் பெறப்படவில்லை. அமைச்சர் நலமாக இருக்கலாம். முதல் தொடரிலோ தீங்கு நிகழ்ந்து முடிந்துவிட்டது. 'விடு' என்னும் துணைவினை அங்கு இயல்பாக வந்தமைவதும் இதனாலேயே. 'முறியடி' என்னும் வினையைக் கொண்டு இவ்வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்கலாம்.

(6) அமைச்சரைக் கொல்ல நால்வர் செய்த சதி முறியடிக்கப்பட்டது.
(7) *கூட இருந்தே அவன் எனக்குச் செய்த சதி முறியடிக்கப்பட்டது.

ஏழாம் தொடரை ஏற்க வேண்டுமாயின், அவன் செய்தது நிறைவேறாத ஒரு திட்டம் என்று பொருளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே 'சதி செய்' என்பது ஒரு பொருட் கூட்டுவினை அன்று. (1), (2) ஆகியவற்றில் உள்ளதை வஞ்சகப் பொருள் என்றும், (3), (4) ஆகியவற்றில் உள்ளதைத் திட்டப் பொருள் என்றும் குறிக்கலாம். வஞ்சகப் பொருளில் பாதிக்கப்பட்டவர் நான்காம் வேற்றுமை ஏற்பர். பேச்சில் 'நம்பினவனைச் சதி பண்ணிட்டான்' என இரண்டாம் வேற்றுமையும் உண்டு. திட்டப் பொருளில் 'எதிராக' என்னும் சொல்லுருபோ செயவென் எச்சமோ வருகிறது. இந்த 'எதிராக' செய்தி மொழிபெயர்ப்பின் வழியே பரவிய அமைப்பு எனக் கருத இடமுண்டு; பேச்சு வழக்கில் அது இன்றும் அருகியே காணப்படுகிறது.

இவ்விரண்டனுள் வஞ்சகப் பொருளே அடிப்படை என்பதற்குத் தமிழின் தொகைச்சொற்களே சான்று. 'சதித்திட்டம்', 'சதியாலோசனை', 'கூட்டுச்சதி' என்பன திட்டப் பொருளை உறுதி செய்வதற்கென உருவானவை. முன்னிரண்டும் திட்டமிடுதலைச் சேர்க்கின்றன. மூன்றாவது பலர் கூடியதைச் சேர்க்கிறது. 'கூட்டுச்சதி என்பது கூறியது கூறல்; சதி என்றாலே பலர் கூடியதுதானே' என்று குறைகூறும் நடைநூலாரும் உளர். அவர்கள் ஆங்கிலச் சொல்லை மனத்திற்கொண்டு தமிழ்ச் சொல்லை அளக்கின்றனர். 'சதி' என்னும் சொல்லில் கூட்டு இல்லை என்று தமிழ் பேசுவோர் உணர்ந்ததனாலேயே அத்தொகை பிறந்தது.

மலையாளமும் பிற மொழிகளும்

மேற்கூறிய முடிவுக்கு மலையாளம் வலுவான துணை நிற்கிறது. மலையாளத்தில் 'சதி' (அங்குச் சகரம் வல்லொலி) முற்றிலும் வஞ்சகப் பொருளிலேயே நிலைத்துள்ளது. 'சதிக்குக' என்றால் நம்பவைத்து ஏமாற்றுதல். 'சதிக்குழி' என்றால் பிறரை வீழ்த்த வெட்டிய பொய்க்குழி. வடக்கன் பாட்டுகளில் வரும் சந்து 'சதியன் சந்து' என்றே கேரளம் முழுதும் அறியப்பட்டவன். தன்னை நம்பி மடியில் தலைசாய்த்த ஆரோமல் சேகவரைக் குத்துவிளக்கின் தண்டால் குத்தினான் என்பது வழிவழிக் கதை. எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி 1989இல் வெளிவந்த 'ஒரு வடக்கன் வீரகாத' திரைப்படம் இப்பட்டத்தைத்தான் கேள்விக்கு உட்படுத்தியது. 'சதியன்' என்பதைத் தமிழில் 'சதிகாரன்' என்று பெயர்த்தால் திரைக்குப் பின்னிருந்து வலை பின்னும் ஒருவன் நம் மனத்தில் தோன்றுவான். பாட்டு காட்டும் சந்துவோ கைக்கெட்டும் அண்மையில் இருந்து குத்தியவன். 'துரோகி' அல்லது 'நம்பிக்கைத் துரோகி' என்பதே அவனுக்குப் பொருந்தும். எழுத்தளவில் ஒத்திருக்கும் சொல் இருப்பதே மொழிபெயர்ப்பாளரை வழிதவறச் செய்கிறது.

கூடித் திட்டமிடுதலுக்கு மலையாளம் 'கூடாலோசன' என்னும் வேறு சொல்லை வைத்துக்கொண்டது. இதில் 'கூட' என்பது தமிழின் 'கூடி' அன்று. 'மறைவான' என்னும் பொருள்படும் வடசொல். ஆக, மறைவான ஆலோசனை என்பது சொற்பொருள். கன்னடத்தின் 'ஒளசஞ்சு' என்பதிலும் 'ஒள' என்னும் முன்னொட்டு 'உள்' என்னும் பொருளையே தருகிறது. தெலுங்கு 'குட்ர' என்றும், மராத்தி 'கட்' என்றும், குஜராத்தி 'காவத்ரும்' என்றும் வழங்குகின்றன. இந்தியும் வங்காளமும் பகிர்ந்துகொள்ளும் 'ஷட்யந்த்ர' என்னும் சொல்லை ஆறு யந்திரங்கள் எனப் பிரித்து, மாரணம், உச்சாடனம் முதலிய தாந்திரிக அறுவகைச் செயல்களோடு தொடர்புபடுத்துவது வழக்கம். இன்று இந்தி பேசும் எவரும் அதில் ஆறு என்னும் எண்ணை உணர்வதில்லை.

மிகவும் கருதத்தக்கது உருது வழியே இந்திக்கு வந்த 'சாஜிஷ்' என்னும் பாரசீகச் சொல். பாரசீகத்தில் இதற்கு இன்றும் இணக்கம், உடன்பாடு, விட்டுக்கொடுத்துச் சேர்தல் என்பனவே பொருள். மறைவுத் திட்டத்துக்கு அம்மொழி வேறு சொல்லை ஆள்கிறது. இந்திய மண்ணில்தான் இணக்கம் சதியாயிற்று. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் உடன் மூச்சுவிடுதல், அதாவது ஒருமித்தல் என்னும் பொருளுடையதே. ஆக இவ்விரு சொற்களும் உடன்பாட்டில் பிறந்து தீய பொருளுக்கு இழிந்தவை. 'கூடாலோசன' ஆலோசனையில் பிறந்தது. தமிழின் 'சதி' உடன்பாட்டிலிருந்தோ ஆலோசனையிலிருந்தோ வரவில்லை. வஞ்சனையிலிருந்து கிளம்பித் திட்டத்திற்கு நீண்டது. வந்த வழி வேறாதலால், சேர்ந்த இடம் ஒன்றுபோலத் தோன்றினும் சொல்லோடு வரும் பொருட்கூறுகள் வேறாக உள்ளன.

சட்டத்தில் சதி

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1913ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 120அ, 120ஆ ஆகிய பிரிவுகள் இக்குற்றத்தை வரையறுத்துத் தண்டனை விதித்தன. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 61ஆம் பிரிவாக அமைந்துள்ளன. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர், சட்டவிரோதமான செயலொன்றையோ சட்டவிரோதமல்லாத செயலைச் சட்டவிரோதமான வழியிலோ செய்ய உடன்பட்டால் அவ்வுடன்பாடே குற்றம் என்பது வரையறையின் சாரம். உடன்பாடு குற்றமொன்றைச் செய்வதற்கானதாயின், அதன்பின் ஒரு துரும்பும் அசையாவிடினும் குற்றம் முழுமை பெற்றுவிடுகிறது. பிறவகை உடன்பாடுகளுக்கு மட்டுமே, அதனைத் தொடர்ந்து ஏதேனும் ஒரு செயல் நிகழ்ந்திருக்க வேண்டும்.

இவ்வரையறையில் எண்ணிக்கை உண்டு, உடன்பாடு உண்டு. வஞ்சனை இல்லை. நம்பிக்கைக் கேடு இல்லை. மறைவும் இல்லை. சதி மறைவிலேயே உருவாவதால் நேரடிச் சான்று கிடைப்பது அரிது என்று நீதிமன்றங்கள் பலகால் கூறியுள்ளன என்பது மெய். அது சான்று பற்றிய கூற்று, வரையறை பற்றியதன்று. மறைவு இக்குற்றத்தின் வழக்கமான இயல்பேயன்றி இலக்கணம் அன்று. பட்டப்பகலில் ஊர்ப்பொதுவில் கூடி ஒரு குடும்பத்தின் வீட்டைக் கொளுத்த உடன்பட்டாலும் அது சட்டப்படி சதியே. தமிழ் வழக்கில் அதனைச் 'சதி' என்று சொல்லத் தமிழர் தயங்குவர். 'கூடி முடிவு செய்தனர்' என்பர். ஒருவரே செய்யும் வஞ்சனையைத் தமிழர் தயங்காது 'சதி' என்பர். சட்டம் அதனை ஏற்காது. சட்டத் தமிழில் 'குற்றச்சதி', 'குற்றமுறு சதி' என அடைகொடுத்து வழங்கியபோதும் இவ்விடைவெளி அடைபடவில்லை. அடைமொழி குற்றத்தன்மையைத்தான் சேர்த்தது, தேவைப்பட்டதோ உடன்பாடு. நாளிதழ்களின் 'கூட்டுச்சதி' இவ்வகையில் கலைச்சொல்லை விடச் சற்றே நெருங்கி வருகிறது.

'சதி வழக்கு' என்னும் தொகை

விடுதலைப் போராட்ட வரலாறு எழுதுவோர் திருநெல்வேலிச் சதி வழக்கு (1911-12), கான்பூர்ச் சதி வழக்கு (1924), லாகூர்ச் சதி வழக்கு, மீரட் சதி வழக்கு (1929-33) என எழுதிச் செல்வர். இத்தொகையின் பொருளமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. 'கொலை வழக்கு' என்றால் கொலை நடந்தது உறுதி. யார் செய்தார் என்பதே பெரும்பாலும் வினா. 'சதி வழக்கு' என்றால் சதி இருந்ததா என்பதே முதல் வினா. ஆயினும் இரு தொகைகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுள்ளன. வழக்கின் பெயரே தீர்ப்பைப் பாதி சொல்லிவிடுகிறது.

மீரட் வழக்கில் 1929 மார்ச்சில் கைதுசெய்யப்பட்டோர் மீது, பேரரசரின் இறைமையைப் பறிக்கச் சதி செய்ததாக 121அ பிரிவின்கீழ்க் குற்றம் சாட்டப்பட்டது. அவர்கள் செய்தவையாகக் காட்டப்பட்டவற்றுள் பெரும்பகுதி தொழிற்சங்கம் அமைத்தல், வேலைநிறுத்தம் நடத்துதல், கூட்டத்தில் பேசுதல், இதழ் வெளியிடுதல் ஆகிய வெளிப்படையான செயல்களே. உடன்பாட்டை மட்டும் வேண்டிய சட்டத்துக்கு இவை தடையாகவில்லை. 'சதி' என்று தமிழில் படிப்போர்க்கு, நள்ளிரவும் மூடிய கதவும் மனத்தில் வருகின்றன.

வரலாறு இதனைத் தலைகீழாகவும் ஆக்கியது. 'சதி வழக்கில் சிறை சென்றவர்' என்பது பின்னாளில் தியாகியின் சிறப்புரையாயிற்று. இத்தொகைக்குள் மட்டும் 'சதி' தன் இழிபொருளை இழந்து வழக்கு வகையொன்றின் பெயராக உறைந்துவிட்டது. அவரையே 'சதிகாரர்' என்று எவரும் எழுதுவதில்லை. ஆகவே, இத்தகைய வரலாற்று நூல்களைத் தமிழிலிருந்து பெயர்ப்போர் தொகையையும் தனிச்சொல்லையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

வாக்குமூலமும் மொழிபெயர்ப்பும்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தமிழ்நாட்டின் கீழ்நிலை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் மொழி ஆங்கிலம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கு விலக்கு இல்லை. எனவே மேல்முறையீட்டில் சாட்சியம் ஆங்கில வடிவில் படிக்கப்படுகிறது. சாட்சி ஒருவர் பின்வருமாறு கூறியதாகக் கொள்வோம்.

(8) அண்ணனும் அவரு மச்சானும் எனக்குச் சதி பண்ணிட்டாங்க.

இதில் பன்மை எழுவாய் உள்ளது; நான்காம் வேற்றுமை உள்ளது; முடிவுற்ற தீங்கைக் காட்டும் 'விடு' உள்ளது. மேலே கண்ட சோதனைகளின்படி இது வஞ்சகப் பொருளுக்கே உரியது. இருவரும் தனித்தனியே கைவிட்டதாகவும் இதற்குப் பொருள் கொள்ளலாம். அவர்கள் முன்கூட்டி உடன்பட்டனர் என்னும் கூற்று இத்தொடரில் இல்லை. மொழிபெயர்ப்பாளர் அகராதி நிகரனை வைத்து 'எனக்கு எதிராகக் கான்ஸ்பிரசி செய்தனர்' என்று பொருள்படப் பெயர்த்துவிட்டால், சாட்சி சொல்லாத உடன்பாடு பதிவில் ஏறிவிடுகிறது. இவ்வகையில் சான்றுச் சட்டம் ஒரு தனி விளைவையும் வைத்துள்ளது. இருவர் சதி செய்தனர் என்று நம்ப நியாயமான காரணம் இருக்குமாயின், பொதுநோக்கம் தொடர்பாக ஒருவர் சொன்னதும் எழுதியதும் செய்ததும் மற்றவர்க்கு எதிராகவும் தொடர்புடைய சான்றாகும். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு கூறியதும், 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 8ஆம் பிரிவு கூறுவதும் இதுவே. ஒரு சொல்லை மாற்றிப் பெயர்ப்பதால் மச்சானின் பேச்சு அண்ணனைக் கட்டுவதற்கு வழி திறக்கக்கூடும்.

சட்டம் வேண்டும் உடன்பாட்டைச் சொல்லத் தமிழுக்கு வழியில்லாமல் இல்லை. அதே சாட்சி அதனைக் கருதினால் பெரும்பாலும் இவ்வாறு சொல்வார்:

(9) ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு இதச் செஞ்சாங்க.

'பேசிவைத்துக்கொண்டு' என்பதில் முன்கூட்டிய உடன்பாடு உண்டு; ஒருவரால் மட்டும் இயலாமை உண்டு; பேசியதன் பயன் பின்வரும் செயலுக்கு நிற்கிறது என்பதை 'வை' என்னும் துணைவினை காட்டுகிறது. மறைவு பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சட்ட வரையறைக்கு மிக அணுக்கமான தமிழ் கலைச்சொல் தொகுதியில் இல்லை, தெருப்பேச்சில் இருக்கிறது. 'கூட்டுச் சேர்ந்து', 'கூடிப் பேசி' என்பனவும் இதன் பக்கத்தில் வைக்கத்தக்கன. 'உடந்தையாயிருந்து' என்பது வேறு. அது துணைநின்றதைச் சுட்டுமேயன்றி முன் உடன்பாட்டை வலியுறுத்தாது. ஆகவே 'சதி' என்னும் சொல் சாட்சியத்தில் வரும்போது அதனை மட்டும் பார்த்து நிகரனைத் தேராமல், அருகில் 'பேசிவைத்து' வகைச் சொற்கள் உளவா, வேற்றுமை யாது, துணைவினை யாது என நோக்கிப் பெயர்ப்பது தக்கது. ஐயம் நீங்காவிடின், ஏமாற்றினர் என்னும் பொதுப்பொருளில் பெயர்த்து, மூலச்சொல்லை எழுத்துப்பெயர்ப்பாக அருகில் தருதல் நேர்மையான வழி. நிலைபெற்றுவிட்ட 'சதி' என்னும் சட்டச் சொல்லை இனி மாற்றப் புகுவது வீண் வேலை என்பதே என் கருத்து. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது அது இருக்கட்டும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லும்போது அதே கதவு தானாகத் திறக்கக்கூடாது.

'சூழ்ச்சி'யும் இலக்கிய மொழிபெயர்ப்பும்

'சூழ்ச்சி'யின் கதை வேறு. 'சூழ்' என்னும் வினை சுற்றுதலையும் ஆராய்தலையும் குறிப்பது. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரம் இச்சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. அங்கு அதற்கு ஆராய்ந்து எண்ணுதல் என்பதே பொருள். அரசனுக்கு எண்ணிச் சொல்லும் அமைச்சரும் 'சூழ்வார்' எனப்பட்டனர். பாரசீகத்தின் இணக்கம் இந்தியில் சதியானதைப் போலவே தமிழின் ஆராய்ச்சியும் சூழ்ச்சியாயிற்று. ஆயினும் பழம்பொருள் அறவே மாயவில்லை. 'சூழ்ச்சித்திறன்' என்று பாராட்டாகச் சொல்ல இன்றும் இயலும். 'சதித்திறன்' என்று சொல்ல இயலாது.

விசாகதத்தரின் 'முத்ராராட்சச'த்தைத் தமிழாக்குவோர்க்கு இவ்வேறுபாடு உதவும். அங்குச் சாணக்கியன் ஒற்றரையும் பொய்மடலையும் கொண்டு பின்னும் வலையின் நோக்கம், பகை அமைச்சனாகிய இராட்சசனைக் கொல்வதன்று. அவனது திறத்தை மதித்துச் சந்திரகுப்தனுக்கு அமைச்சனாக்குவது. இதனைச் 'சதி' என்று எழுதினால் நாடகத்தின் மதிப்பீடே புரண்டுவிடும். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. சீசரைக் கொல்லக் கூடியவர்களைப் பாத்திரப் பட்டியலில் 'சதிகாரர்' என்று அறிமுகப்படுத்துவது எளிது. காஷியஸுக்கு அது பொருந்தவும் கூடும். புரூட்டஸ் சீசரின் நண்பன். ஆதலால் 'சதி'யின் வஞ்சகப் பொருள், நண்பனுக்கு நண்பன் இழைத்த கேடு என்னும் பொருள், அவன்மேல்தான் மிகக் கடுமையாக இறங்கும். அந்தோணி இறந்தோன் பக்கம் நின்று அவ்வாறு பேசுவது முறை. நாடகம் தொடங்குமுன் மொழிபெயர்ப்பாளரே அதனைச் சொல்லிவிடுவது முறையன்று. பட்டியலில் 'சீசருக்கு எதிராகக் கூடியோர்' என்று எழுதிவிட்டு, 'சதி'யை அந்தோணியின் வாய்க்கு விட்டுவைக்கலாம்.